ஆறுக்குப் பத்து

கட்லர் கணவாயில் காற்று நிற்கிற நாள் வருஷத்துக்குப் பத்து இருந்தால் அதிகம். அன்றைக்கு ஆட்களுக்குத் தலை வலிக்கும். காதில் ஏதோ குறைகிறதென்று எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்ப்பார்கள். மற்ற நாளில் காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டுக்குக் கூரை இருக்கிறது என்று யார் சொல்வார்கள்?

வயோமிங்கின் தெற்கில், ராலின்ஸுக்கும் லாரமிக்கும் இடையே, நெடுஞ்சாலை எல்க் மலையின் அடியை ஒட்டி வளைந்து போகும். மலைக்கு மேற்கே சேர்கிற காற்று அத்தனையும் அந்தச் சந்து வழியாகத்தான் ஓடியாக வேண்டும். சரக்கு ஏற்றிய லாரி முக்கி முனகிப் போய்விடும். காலி லாரிக்குத்தான் கஷ்டம். நாற்பத்தெட்டு அடி நீளத் தகரப் பெட்டி, உள்ளே ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஏழெட்டாவது சாயும். சாய்ந்ததைத் தூக்க கிரேன் வர வேண்டும். கிரேன் வருவதற்குக் காற்று இறங்க வேண்டும்.

அதனால் மேற்கிலிருந்து வருகிற டிரைவர்கள் கணவாய்க்கு முன்னால் டெல்பர்ட் கங்கலின் டயர் கடைக் கொடியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கடைக்குப் பின்கட்டில் டெல்பர்ட் டயர் கழற்றுவான். முன்கட்டில் அவன் மனைவி நோரீன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள்: பன்னிரண்டு நாற்காலி, ஒரு நீள மேடை, காலை ஐந்து மணிக்கு ஏறினால் சாயங்காலம் வரை இறங்காத காப்பிப் பானை. கொடி வெளியே, லாரிகள் நிற்கிற சரளைத் தரையின் ஓரத்தில்.

அது மாநிலக் கொடி. நீல நிலத்தில் வெள்ளைக் காட்டெருமை, சுற்றி வெள்ளைக் கரை, அதற்கு வெளியே சிவப்புக் கரை. எருமை கம்பத்தைப் பார்த்து நிற்கும். அதனால் எந்தத் திசையில் அடித்தாலும் அது காற்றுக்கு முகம் கொடுத்தபடியே இருக்கும். தேசியக் கொடி கடைச் சுவரோரம் காற்றுப் படாத மூலையில் சின்னக் கோலில் இருந்தது. பெரிய கம்பம் டெல்பர்ட் தன் கையால் நட்டது. எண்ணெய்க் கிணறு தோண்டித் தேய்ந்து கழித்துப்போட்ட இரும்புக் குழாய், இருபத்தைந்து அடி, அடியில் ஆளுயரத்துக்கு கான்கிரீட். அது வளையாது. வேறு கம்பமாக இருந்தால் அதன் வளைவைப் பார்த்தாவது காற்றைச் சொல்லலாம். இதில் துணி சொன்னால்தான் உண்டு.

நுனி தொங்கினால் யாரும் போகலாம். துணி நேராக நின்றால் காலி வண்டி யோசிக்க வேண்டும். நேராக நின்று நுனி கண்ணுக்குப் பிடிபடாமல் அதிர்ந்தால் காலி வண்டி ஓரங்கட்டிச் சாப்பிட வேண்டும். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வண்டி ரேடியோவில் நாற்பது மைலுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்பார்கள்.

"கட்லர்ல துணி எப்படிடா?"

"நிக்குது."

"ஆடுதா, நிக்குதா?"

"நிக்குதுன்னேன்ல. பன் சூடா இருக்கு, வந்து சேரு."

நோரீனுக்கு அந்தக் கொடியால் வேலைதான். நாலடிக்கு ஆறடி நைலான் துணி. புதிதாக ஏற்றி ஏழாவது வாரம் நுனி நார்நாராகிவிடும். டெல்பர்ட் இறக்கிக் கொடுப்பான். அவள் கிழிந்த ஓரத்தை நேராக வெட்டி, மடித்து, நாலு வரிசை தையல் போட்டுத் தருவாள். மறுபடி ஏறும். மறுபடி கிழியும். முதல் வெட்டில் சிவப்புக் கரை போகும். இரண்டாவதில் வெள்ளைக் கரை. அதற்கப்புறம் நீலம். எருமையின் வாலுக்கும் ஓரத்துக்கும் ஒரு சாண் இருக்கும்போது புதுக் கொடி வாங்குவார்கள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. காலை நாலு மணிக்கு மாவு பிசைந்து, நாள் முழுக்கத் தட்டு தூக்கிவிட்டு, வலது தோள் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் நைலானை ஊசிக்குக் கீழே நேராகப் பிடிப்பது கஷ்டம். நைலான் வழுக்கும்.

எண்பத்தாறாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள் கொடியைத் தைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து, காஸ்பரில் இருக்கிற கொடிக் கடைக்குப் போன் போட்டாள். எடுத்தவள் ஓப்பல் என்கிற பெண். முப்பது வருஷமாகக் கொடி விற்கிறவள்.

"கம்பம் எவ்வளவு உசரம்மா?"

"இருபத்தஞ்சு."

"அப்ப கொடி நீளம் அதுல நாலுல ஒரு பங்குலருந்து மூணுல ஒரு பங்குக்குள்ள இருக்கணும். ஆறடி. மிஞ்சிப்போனா எட்டடி. காத்து ஜாஸ்தின்னா சின்னதாவே போங்க. எந்தப் பக்கம் நீங்க?"

"கட்லர் கணவாய்."

ஓப்பல் சிரித்துவிட்டாள். "அங்கயா? அங்க துணி எதுக்கு? தகரத்த வெட்டி ஆணியடிச்சுருங்க."

நோரீன் சிரிக்கவில்லை. "இப்ப நைலான் போட்டிருக்கோம். ஏழு வாரம் தாங்குது. ஏழு வாரத்துக்கு ஒருக்கா நான் மெசினுக்கு முன்னாடி உக்காந்து சாகுறேன். தாங்குற மாதிரி ஒண்ணு குடு."

"கனமான பாலியெஸ்டர் இருக்கு. ரெண்டு இழைத் துணி. தொட்டா கம்பளி மாதிரி சொரசொரன்னு இருக்கும். காத்தடிக்கிற ஊர்க்காரங்க அதத்தான் கேப்பாங்க. நைலான் நாலு கிழியிற நேரத்துல இது ஒண்ணு கிழியாது."

"அதயே குடு."

"ஒண்ணு சொல்லிடறேன். அது கனம். லேசான காத்துக்கு எழும்பாது. நனைஞ்சா தண்ணியக் குடிச்சுக்கும், சீக்கிரம் காயாது."

"இங்க லேசான காத்துன்னு ஒண்ணு கெடையாது."

"நாலுக்கு ஆறு கைவசம் இல்ல. வர ஆறு வாரமாவும். ஆறுக்குப் பத்து ஒண்ணு கெடக்கு, ஒரு பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு வேண்டாம்னுட்டாங்க. ஆனா உங்க கம்பத்துக்கு அது..."

"கம்பம் கெணத்துக் குழாய். கம்பத்தப் பத்தி நீ கவலப்படாத. பெருசுன்னா ரோட்டுலருந்து நல்லாத் தெரியும். அனுப்பு."

பெட்டி வந்தது. டெல்பர்ட் பிரித்து இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான்.

"இதப் போத்திட்டுத் தூங்கலாம் போலருக்கே."

"தூங்கு. நான் தைக்காம இருந்தா சரி."

"கனமா இருக்கே நோரீன். டிரைவருங்களுக்குப் பழைய துணியோட கணக்குதான் தெரியும்."

"புது பூட்ஸ் போட்டா கால் பழகிக்கலையா? பழகிக்குவாங்க."

வாதாடுவது டெல்பர்ட்டின் சுபாவம் இல்லை. ஏற்றிவிட்டு வேலைக்குப் போனான்.

நோரீனின் தம்பி ராய்ஸும் லாரிதான் ஓட்டினான். நாற்பத்தொன்பது வயது. பெண்டாட்டி எப்போதோ போய்விட்டாள். லோடு இல்லாத நாளில் அக்கா வீட்டுப் பின்னறையில் தூங்குவான். அதுதான் அவனுக்கு வீடு. பெற்றோர் செத்தபோது அவனுக்குப் பதினொன்று, நோரீனுக்குப் பதினெட்டு. அவள்தான் வளர்த்தாள். டெல்பர்ட் அவளைக் கல்யாணம் செய்தபோது அவனும் கூடவே வந்தான்.

மார்ச் மாதம் நடுவில் ஒரு புதன்கிழமை, ராலின்ஸில் மளிகைச் சரக்கை இறக்கிவிட்டு லாரமிக்குக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். விடிகாலையிலிருந்து ஈரப் பனி. பதினொன்றரைக்கு நின்றது. கடையில் இறங்கி, மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்பு ஒரு கிண்ணமும் இலவங்கப்பட்டை பன் இரண்டும் சாப்பிட்டான். குழம்பில் பன்னைத் தோய்த்துத் தின்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெளியூர்க்காரன் பார்த்தால் முகம் சுளிப்பான். பின்கட்டில் டெல்பர்ட் இரும்புக் கூண்டுக்குள் ஒரு சக்கரத்தை வைத்துக் காற்றடித்துக்கொண்டிருந்தான். ரிம் தெறித்தால் ஆள் தலை போய்விடும், அதற்குத்தான் கூண்டு. கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தில் அவனுக்கு வேறெதுவும் கேட்காது.

ராய்ஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டே கேட்டான். "அக்கா, துணி என்ன சொல்லுது?"

நோரீன் ஆவி படிந்த கண்ணாடியை ஏப்ரனால் துடைத்துப் பார்த்தாள். கொடி மேல்பாதி ஆடிக்கொண்டிருந்தது. கீழ் மூலை தொங்கியது. மெதுவாக எழுந்து மெதுவாக விழுந்தது.

"பாதிதான் தூக்குது. கீழ் மூலை தொங்குது. போயிட்டு வா."

"கூரை கத்துதே?"

"அது எப்பவும் கத்துறதுதான்."

அவன் போனான். நாலாவது மைலில் காற்று வண்டியை வலப்பக்கத்திலிருந்து தூக்கி இடப்பக்கமாகப் படுக்க வைத்தது. டிரைவர் உட்காருகிற இடப்பக்க ஜன்னலில் கண்ணாடி இறக்கியிருந்தது. சிகரெட் பிடிக்கிறவன். கதவுக்கும் சாலைக்கும் நடுவில் இடது கை. பின்னால் ஆட்டு லோடோடு வந்த ஹஸ்கல் என்கிற டிரைவர்தான் முதலில் பார்த்து ரேடியோவில் கத்தினான். ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

நோரீன் அன்றைக்குச் சாயங்காலம் வெளியே போய்க் கயிற்றைத் தளர்த்திக் கொடியைக் கைக்கெட்டும்படி இறக்கி, அதன் கீழ் மூலையைப் பிடித்துப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது. உள்ளே பனிக்கட்டி நொறுங்கியது. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் ராய்ஸுக்குப் பேச்சு வந்தது. நோரீன் கட்டிலோரம் உட்கார்ந்து அவனுக்கு ஜெல்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். டெல்பர்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றான்.

"பத்து வருஷமா அந்தத் துணியப் பாத்து ஓட்டுறேன்," என்றான் ராய்ஸ். "ஒரு நாள் தப்பாச் சொன்னதில்ல. யாரு அந்தப் போர்வையக் கொண்டாந்து தொங்க விட்டது?"

டெல்பர்ட் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தான்.

"நான்தான்," என்றான் டெல்பர்ட். "நான்தான் வாங்கினேன்."

ஏன் சொன்னாய் என்று அவனைக் கேட்டால் தெரியாது. ரிம் தெறிக்கும்போது பக்கத்தில் நிற்பவனைத் தள்ளிவிடுகிற மாதிரி வாய் முந்திக்கொண்டது. நோரீனின் கையில் ஸ்பூன் நின்றது. பிறகு மறுபடி ஜெல்லிக்குள் போனது.

"கம்பளிக்காரப் பயலே," என்றான் ராய்ஸ். "உனக்குக் கயிறு இழுக்கச் சோம்பேறித்தனம். தாங்குற துணி வேணும். தாங்குச்சா? நல்லாத் தாங்குச்சா? என் கைதான் தாங்கல. இனிமே நீ இருக்கிற கூரைக்குக் கீழ நான் தூங்க மாட்டேன். ஸ்காட்ஸ்பிளஃப்ல வாண்டா இருக்கா. அவகிட்டப் போறேன்."

வாண்டா அக்காவுக்கும் தம்பிக்கும் பெரியப்பா மகள். நெப்ராஸ்காவில் பீட்ரூட் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் வீடு. இருபது வருஷத்தில் அவளை இரண்டு தடவை பார்த்திருப்பான்.

திரும்பி வரும்போது பிக்கப் வண்டியில் பதினைந்து மைல் தாண்டித்தான் நோரீன் கேட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எத?"

"நீ வாங்கலன்னு உனக்குத் தெரியும். நான் போன் போட்டேன். அந்தப் பொம்பள நனைஞ்சா காயாதுன்னு சொன்னா. நான்தான் காதுல வாங்கல. போயிட்டு வான்னு சொன்னதும் நான்தான்."

"அவனுக்கு உன்ன விட்டா யாரு? என் மேல கோவம்னா மச்சான் மேல கோவம். அது ஊர்ல நடக்குறது."

"என்னால இத வச்சுக்கிட்டு இருக்க முடியாது. நான் சொல்லிடறேன்."

"இப்ப வேண்டாம். காயம் ஆறட்டும்."

அந்த "இப்ப வேண்டாம்" மூன்று வாரம் ஓடியது. நோரீன் ஒன்றுவிட்டு ஒரு நாள் அறுபது மைல் ஓட்டிப் போய் அவனுக்கு ஊட்டினாள், முகம் மழித்துவிட்டாள், நகம் வெட்டினாள். ஒரு கைக்குத்தான் நகம். அவன் ஒவ்வொரு தடவையும் டெல்பர்ட்டைத் திட்டினான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டெல்பர்ட் கொடியை இறக்கி மடித்து டயர் அடுக்குக்குப் பின்னால் போட்டுவிட்டான். கம்பம் மொட்டையாக நின்றது. செய்தி இரண்டு பக்கமும் முந்நூறு மைல் போயிருந்தது. ஓட்டுநர்கள் மேடையில் உட்கார்ந்து அவன் காதில் விழும்படி பேசினார்கள்.

"டெல்பர்ட்டு, போர்வை இருக்காமே? டென்வர் ஓட்டல்ல கட்டிலுக்குப் பத்தலயாம், கேட்டாங்க."

"விடுறா. அவன் மனுசன் நல்லவன்."

"நல்லவன்தான். நல்லவன் வண்டி டயரு மாத்தினா நல்லாத்தான் இருக்கும். கொடி ஏத்துனாத்தான் ஆளு சாகுறான்."

"சாகல. கைதான்."

"ஓ, கைதானா. அப்ப சரி, எனக்கு ரெண்டு இருக்கு."

டெல்பர்ட் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு காப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். நோரீன் அவர்கள் தட்டை எடுக்கும்போது மட்டும் பீங்கான் கொஞ்சம் சத்தமாக விழும்.

ஏப்ரல் தொடக்கத்தில் காலி லாரி ஒன்று சாலையை விட்டு நழுவி, பனி தடுக்க அடித்திருக்கிற மரவேலியில் போய் நின்றது. ஆளுக்கு ஒன்றுமில்லை. அன்று மதியம் ஹஸ்கல் வந்தான்.

"இந்தா பாரு, எனக்குப் பேசத் தெரியாது. ரேடியோல இப்பவும் கட்லர்ல துணி எப்படின்னு கேக்குறானுங்க. நாங்க துணி இல்லன்னு சொல்றோம். கேட்டும் போறானுங்க, போறத நிறுத்த வழியில்ல. ஏதாவது ஒண்ண ஏத்துப்பா. உன் சட்டையக் கழட்டியாவது ஏத்து."

"எத ஏத்துறதுன்னு தெரிஞ்சா ஏத்துவேன்," என்றான் டெல்பர்ட்.

நோரீன் மறுபடி காஸ்பருக்குப் போன் போட்டாள். நடந்ததை ஓப்பலிடம் சொன்னாள். "நான் இன்னும் அழுத்திச் சொல்லிருக்கணும்மா," என்றாள் ஓப்பல். "நீ சொன்ன," என்றாள் நோரீன். "மாதிரித் துண்டு இருந்தா அனுப்பு. இந்தத் தடவ கையில தொட்டுப் பாத்துட்டு வாங்குறேன்."

தபாலில் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று துண்டு வந்தது. பருத்தி, நைலான், பாலியெஸ்டர். ராய்ஸை ஆஸ்பத்திரியிலிருந்து விடுவதாக இருந்த சனிக்கிழமைக்கு முந்தின புதன், மதியக் கூட்டம் கலைந்த பிறகு அவற்றை எடுத்துக்கொண்டு அவள் பின்கட்டுக்குப் போனாள். டெல்பர்ட் டியூபில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர்த் தொட்டியில் டியூபை அழுத்தினால் குமிழி வருகிற இடம் ஓட்டை.

"இத அதுல போடு," என்றாள்.

மூன்று துண்டும் தொட்டியில் மூழ்கின. நைலானை இரண்டு தடவை விரலால் அமுக்க வேண்டியிருந்தது. மிதந்து மிதந்து வந்தது. வெல்டிங் கம்பி ஒன்றில் மூன்றையும் துணிக் கவ்வியால் மாட்டி, கதவுச் சந்தில் காற்று நுழைகிற இடத்தில் கட்டினான். இரண்டு பேரும் கவிழ்த்துப்போட்ட டயர் மேல் உட்கார்ந்தார்கள்.

நைலான் இரண்டு உதறு உதறியது, தண்ணீரைக் கக்கியது, எழுந்து நின்றது. பருத்தி ஒட்டிக்கொண்டு தொங்கியது. பாலியெஸ்டர் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி வந்து, மறுபடி சாய்ந்தது. அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"எவ்வளவு நேரம்?" என்றாள்.

டெல்பர்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "நாலு நிமிஷம். நைலான் காஞ்சே போச்சு."

"அன்னிக்குப் பதினொண்ணரைக்குப் பனி நின்னுது. அவன் பன்னெண்டரைக்குக் கெளம்பினான்."

"ஆமா."

"ஒரு மணி நேரம்."

பாலியெஸ்டர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அரை மணி ஆகியும் நின்றபாடில்லை. நோரீன் எழுந்து போய் அதைக் கவ்வியிலிருந்து பிடுங்கித் தொட்டிக்குள்ளேயே போட்டாள்.

"நைலான்," என்றாள்.

"நைலான். என்ன அளவு? அஞ்சுக்கு எட்டு கம்பம் தாங்கும், ரோட்டுக்கும் தெரியும்."

"துணி நீளமாக ஆக நுனிதான் அடி வாங்கும். அஞ்சுக்கு எட்டு மூணு வாரத்துல பிய்யும். மூணுக்கு அஞ்சு?"

"அது கைக்குட்டை. ராத்திரி லைட்டு வெளிச்சத்துல தெரியாது."

"அப்ப பழையபடி நாலுக்கு ஆறு."

"பழையபடிதான்." அவன் டியூபைத் தொட்டிக்குள் அழுத்தினான். "உன் தோளு?"

"என் தோளு என் கழுத்துக்குக் கீழதான் இருக்கு, எங்கயும் போகல. நுனியில நாலு வரிசைத் தையல் போட்டு அனுப்பச் சொல்றேன். மூலையில பட்டி வச்சு. அப்புறம் நான் பாத்துக்குறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "சனிக்கிழம அவன விடுறாங்க. வாண்டா கூட்டிட்டு வந்து இங்கேருந்து சாமான எடுத்துட்டுப் போறாளாம். அன்னிக்குச் சொல்லப் போறேன்."

"சொன்னா உன்கூடவும் பேச மாட்டான்."

"தெரியும்."

"அப்ப எதுக்கு? என்னத் திட்டிட்டே கெடக்கட்டும். ஒரு வருஷம் கழிச்சுத் திட்டு தீந்துரும், வீட்டுக்கு வந்துருவான். நீ சொன்னா வரவே மாட்டான்."

நோரீன் யோசித்தாள். அவன் சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு வாண்டாவின் கார் வந்தது. அவள் இறங்கவில்லை, என்ஜினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ராய்ஸ் இளைத்திருந்தான். கோட்டின் இடது கை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. பின்னறையிலிருந்து அவன் சாமானை ஒரு பையிலும் இரண்டு அட்டைப்பெட்டியிலும் டெல்பர்ட் ஏற்கனவே கட்டி வைத்திருந்தான். ராய்ஸ் மேடையில் உட்கார்ந்தான். நோரீன் கேட்காமலே காப்பி ஊற்றினாள். கடையில் வேறு ஆளில்லை.

"அந்த ஆளு எங்க?"

"பின்னாடி."

"அங்கயே இருக்கச் சொல்லு."

"ராய்ஸ், அந்தக் கொடிய அவன் வாங்கல. நான் வாங்கினேன்."

அவன் காப்பியைக் கீழே வைத்தான்.

"எனக்குத் தையல் போட முடியல. தோள் வலி. தாங்குற துணி வேணும்னு நான்தான் போன் போட்டேன். கடைக்காரி வேண்டாம்னா, நனைஞ்சா காயாதுன்னா. அவனும் கனமா இருக்குன்னான். நான்தான் கேக்கல. நீ கேட்டப்ப ஜன்னல்ல பாத்துட்டுப் போன்னு சொன்னதும் நான்தான். கூரை கத்துதுன்னு நீ சொன்ன. அதுக்கும் நான்தான் பதில் சொன்னேன்."

பின்கட்டுக் கதவில் டெல்பர்ட் வந்து நின்றான். கையில் டயர் நெம்புகிற கம்பி. கேட்டுவிட்டான் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ராய்ஸ் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வாண்டா ஒரு தடவை ஹாரன் அடித்தாள்.

"மூணு வாரம்," என்றான்.

"ராய்ஸ்..."

"கொடி தப்பாப் போறது யாருக்கும் வரும். காத்து எனக்கும் கேட்டுச்சு. போன்னு நீ சொன்னதால நான் போகல, நாலு மணிக்கு லாரமில லோடு இருந்துச்சு, அதான் போனேன். அத விடு." தலையைத் தூக்கினான். "மூணு வாரம் நான் அவன அம்மா அப்பாவோட சேத்துத் திட்டுறேன். நீ பக்கத்துல உக்காந்து எனக்கு ஜெல்லி ஊட்டுற. ஒரு தடவகூட உன் கை நடுங்கலக்கா. ஒரு தடவ."

நடுங்கியது என்று நோரீன் சொன்னால் அது பொய்.

ராய்ஸ் எழுந்து டெல்பர்ட்டிடம் போனான். எண்ணெய் என்று டெல்பர்ட் கையைப் பின்னால் இழுத்தான். ராய்ஸ் அதைப் பிடித்துக் குலுக்கினான்.

"உனக்குப் பைத்தியம்டா."

"இருக்கலாம்," என்றான் டெல்பர்ட்.

"பெட்டியத் தூக்கு. எனக்கு முடியாது."

டெல்பர்ட் இரண்டு பெட்டியையும் பையையும் ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தான். ராய்ஸ் அவனிடம் ஏதோ சொன்னான். காற்றில் உள்ளே கேட்கவில்லை. கார் சரளையில் திரும்பிக் கிழக்கே போனது. கடைப் பக்கம் ராய்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. நோரீன் அவன் குடிக்காத காப்பியைத் தொட்டியில் ஊற்றிக் கோப்பையைக் கழுவினாள்.

டெல்பர்ட் உள்ளே வந்தான். முப்பத்தைந்து வருஷத்தில் அவன் அவளிடம் குரல் உயர்த்தியதைப் பார்த்தவர்கள் இல்லை. அன்று உயர்த்தினான்.

"உன்ன யாரு கேட்டா? நான்தான் தூக்கிட்டு இருந்தேனே! எனக்கு வலிக்குதுன்னு உன்கிட்ட வந்தேனா?"

"வரல."

"இப்ப அவனும் போயாச்சு. என்ன கெடைச்சுது உனக்கு?"

"ஒண்ணும் கெடைக்கல டெல்பர்ட்," என்றாள். "போய் வேலையப் பாரு. வாசல்ல பழைய ஃபோர்டுக்காரன் அரை மணியா நிக்கிறான்."

அவன் நின்றான். பிறகு போனான். கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது.

கொடி அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. நைலான், நாலுக்கு ஆறு, நுனியில் நாலு வரிசை, மூலைகளில் பட்டி. இரண்டு பேரும் சேர்ந்துதான் ஏற்றினார்கள். அவன் கயிற்றை இழுத்தான், அவள் துணி தரையில் படாமல் பிடித்துக்கொண்டாள். பாதி ஏறுவதற்குள் அது அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய் நின்றது. சிவப்புக் கரை, வெள்ளைக் கரை, எல்லாம் முழுசாக இருந்தது. ஜூன் வரைக்கும் இருக்கும்.

மதியம் ஓஹையோ நம்பர் போட்ட வண்டி ஒன்று வந்தது. மேற்கே எங்கேயோ சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறவன். நாற்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான ஆள். இந்த வழி அவனுக்குப் புதிது. ரேடியோவில் யாரோ கட்லரில் துணியைப் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். குழம்பை முடித்துவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, உங்க கொடி நேரா நிக்குதே. போகலாமா, கூடாதா?"

"கூடாது."

அவன் கதவைத் திறந்து வெளியே ஒரு காலை வைத்து நின்று பார்த்தான். திரும்பி வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை.

"வெளிய நின்னு பாத்தேன். அவ்வளவு காத்து இல்ல. நானும் இருபது வருஷமா ஓட்டுறேன். துணி ரொம்ப லேசும்மா. இருக்கிறதவிடக் கூடக் காட்டுது."

"ஆமா," என்றாள் நோரீன். "கூடத்தான் காட்டும்."

"அப்புறம் எதுக்கு அத நம்பி நான் உக்காரணும்? எனக்கு நேரம் போகுது."

நோரீன் ஜன்னலைப் பார்க்கவில்லை. காப்பிப் பானையை எடுத்து அவன் கோப்பையை விளிம்பு வரை நிரப்பினாள். பன் ஒன்றைத் தட்டில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"போகட்டும்," என்றாள். "நீ உக்காரு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி மேடைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.